கழுத்தில் நீல வளையம்

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் டர்வுட் ஹாஸ்கலை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் தாங்களே வெடிமருந்தடைத்துத் தோட்டா செய்கிறவர்கள் மைதானத்தில் சுட்டுப் பார்த்ததும், சூடு ஆறாத காலிப் பித்தளைக் கூட்டை அவரிடம் நீட்டுவார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், முகர்வார், பிறகு மருந்து அளவு சரியா என்று தீர்ப்புச் சொல்வார். மான் வேட்டைப் பருவத்துக்கு முந்தின நாள் அவர் முன்னால் வரிசை நிற்கும். எங்கள் மோன்டானா ஊரில் போதகருக்கு முன்னால்கூட அப்படி யாரும் நின்றதில்லை.

இந்த வருஷம் அந்த வரிசையில் லோர்னா நின்றாள். வசந்தத்தில் இறந்துபோன அவள் கணவன் ராய்தான் சபை விருந்துக்கு வழக்கமாக மான் கொடுப்பான். இந்த முறை தானே கொண்டுவருவதாகப் போதகரிடம் சொல்லியிருந்தாள். ராயின் பழைய ரைஃபிளுக்குக் கடையில் தோட்டா கிடைப்பதில்லை. அதனால் புதுக் கூடுகள் வாங்கி, அவன் கருவிகளை வைத்து ஒரு பெட்டி தோட்டா தானே செய்திருந்தாள். வேறு தோட்டா அவளிடம் இல்லை.

அவள் சுட்ட மூன்றும், இலக்குத் தாளில் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில் விழுந்தன. டாக்டர் தாளைப் பார்க்கவில்லை. கூட்டைப் பார்த்தார். அதன் கழுத்தைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக ஒரு வளையம்.

"அம்மாடி! எவ்வளவு மருந்து போட்டே? பித்தளையே வெந்துபோயிருக்கு!"

"புத்தகத்துல இருக்கிற ஆகக் குறைஞ்ச அளவுதான் டாக்டர். சுட்டப்புறம் துப்பாக்கி போல்ட்டுகூட இறுகிக்காம லேசாத் திறந்துச்சே."

"இப்ப லேசாத்தான் திறக்கும். அப்புறம் ஒருநாள் மூஞ்சியில திறக்கும்!"

வரிசையில் பின்னால் நின்ற எம்மெட் எட்டிப் பார்த்தான். "இடாஹோவுல என் மச்சானுக்கு இதே நீலம்தான் வந்துச்சு. கட்டைவிரலே போயிடுச்சு."

காபி ஒரு சுற்று வருவதற்குள் அந்தக் கட்டைவிரல் மணிக்கட்டாகி, முழங்கை வரை போய்விட்டது. அன்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. அந்த மச்சானுக்காக நான் மனதுக்குள் ஜெபமே செய்தேன்.

டாக்டர் ஆபத்து என்று சொன்ன தோட்டாக்களை அங்கேயே பிரித்து மருந்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. லோர்னா வாதாடவில்லை. சுடாத தோட்டாக்கள் இருந்த பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

"நீ உட்காரும்மா, நானே பிரிச்சுத் தரேன்" என்று டாக்டர் முதல் தோட்டாவை எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே நின்றார். இன்னும் சுடவே சுடாத அந்தத் தோட்டாவின் கழுத்திலும் அதே நீல வளையம். சட்டென்று கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டார். மற்றவர்கள் முழங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். லோர்னாவும் பார்த்தாள்.

அவள் எழுந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள். "குளிர்ல உங்க கண்ணாடி பனிச்சுப் போயிருக்கு டாக்டர். துடைச்சுட்டு இன்னொரு தடவை பாருங்களேன்."

கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. டாக்டர் துணியை வாங்கினார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடி நல்லாத்தான்யா இருக்கு. நான்தான் மடையன். கூடு செய்யறப்பவே கழுத்துல அனல் காட்டுவாங்க, பித்தளை விரிசல் விடாம இருக்கணும்னு. அந்தக் கறைதான் இது. நாம இங்க வாங்கறதுல மெருகு போட்டு அழிச்சிருப்பாங்க, அதனால கண்டதில்லை. இந்தப் பொண்ணு தோட்டாவுல ஒரு குத்தமும் கிடையாது."



"எனக்கு அப்பவே தெரியும்" என்றான் எம்மெட்.

"உன் மச்சான் கை?" என்று நான் கேட்டேன்.

"அது மரம் அறுக்கறப்ப போனதுன்னு நினைக்கிறேன். விரல்தான். நுனி."

சபை விருந்தில் இந்த வருஷமும் மான்கறி இருந்தது. லோர்னா சுட்ட மானைப் பனிச்சரிவிலிருந்து இழுத்து வந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டு, டாக்டர் நின்றபடியே சாப்பிட்டார். லோர்னா அவருக்கு இரண்டாவது தடவையும் குழம்பு ஊற்றினாள்.