குழாய்த் தண்ணீர் நிறம் மாறிய வீடியோ

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, நகரக் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில், கிழக்குப் பகுதிக் குழாய்களிலிருந்து எடுத்த எல்லா மாதிரிகளும் சோதனையில் தேறின.

அந்த முடிவில் கையெழுத்திட்டவள் ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளர். மை காய்வதற்குள் மேசைத் தொலைபேசி அடித்தது.

"கிழக்குப் பகுதியில தண்ணி குடிக்கலாமா, கூடாதா?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

"தாராளமா குடிக்கலாம்."

"கூடாதுன்னு நெட்ல போட்டிருக்கே?"

"நான் ஆய்வகத்துலேர்ந்துதான் பேசறேன். இப்பதான் சோதிச்சு முடிச்சோம்."

"அது சரிம்மா. எதுக்கும் நெட்ல ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

அவள் பார்த்தாள். 'குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்' என்ற வாரியத்தின் அறிவிப்பு ஒன்று காலையிலிருந்து ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. பிப்ரவரி 8 என்று தேதி. கீழே அவளுடைய கையெழுத்து. போலி இல்லை, அசல்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரதான குழாய் உடைந்து சாக்கடை கலந்தபோது அவளே எழுதி ஒட்டச் சொன்னது. வாரியத்தின் வழக்கப்படி ஆண்டு என்பது மேலே உள்ள கோப்பு எண்ணில் மட்டும்தான் இருக்கும். படம் எடுத்த யாரோ மேல் வரியை வெட்டியிருந்தார்கள்.

செயற்பொறியாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அவள் பார்வை அதன் மேல் போனதும் அதைக் கணினித் திரைக்குப் பின்னால் நகர்த்தினார்.

"எனக்கு எப்பவுமே பாட்டில்தான் மேடம். தொண்டை ஒத்துக்காது" என்றார். பிறகு கைப்பேசியை நீட்டி, "இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான் சார். மூணு வருஷம் முன்னாடி போட்டது."

"ஒரு மறுப்பு போட்டுடுவோம்."

பிற்பகலில் வாரியத்தின் இணையதளத்தில் மறுப்பு ஏறியது. அதைப் படிக்க வேண்டுமானால் தலைவரின் படத்தைத் தாண்டி, டெண்டர் விளம்பரங்களைத் தாண்டி, எந்தக் கைப்பேசியிலும் ஒழுங்காகத் திறக்காத ஒரு கோப்பைத் திறக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நின்றது பழைய அறிவிப்புதான். மறுப்பை முதலில் படித்தவர் பொறியாளர். இரண்டாவது அவள். மூன்றாவது ஆள் உண்டா என்பது சந்தேகம்.

ஊர் என்ன நினைத்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பாள். இருபது வருட வேலை அந்த அளவுக்கு அவளைப் பழக்கியிருந்தது. ஆனால் நாத்தனார் வீடு கிழக்குப் பகுதியில் இருந்தது. அங்கே மூன்று வயதில் ஒரு குழந்தை இருந்தது.

வேலை முடிந்ததும் சோதனைப் பெட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுக்குமாடியின் இரண்டாவது தளம். கதவைத் திறந்த நாத்தனார், "வாங்க குளோரின் அண்ணி" என்றாள். கல்யாணமான புதிதில் அவள் மேல் எப்போதும் குளோரின் வாடை அடிக்கிறது என்று வைத்த பெயர். இப்போது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் அவள் பெயர்.

சமையலறை மூலையில் நீல டிரம் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை.

"லாரித் தண்ணியா?"

"மத்தியானம் வந்தது. என்ன கூட்டம் தெரியுமா? அடிச்சுப் பிடிச்சு ரெண்டு டிரம் வாங்கினேன். நீங்க கையெழுத்துப் போட்டுட்டு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல பாருங்க. சொந்த நாத்தனார்னு பேரு!"

"அது பழைய அறிவிப்பு. மூணு வருஷம் ஆச்சு."

"பழசுன்னு எங்க போட்டிருக்கு?"

"நான் சொல்றேன் இல்ல?"

"நீங்க சொல்லுவீங்க அண்ணி. உங்களைச் சொல்ல வெச்சிருப்பாங்க. வேலைன்னா அப்படித்தான், எனக்குப் புரியாதா?" என்று நாத்தனார் பரிவோடு சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

குழந்தை ஓடி வந்து, "அத்தை, என்ன கொண்டு வந்தே?" என்று காலைக் கட்டிக்கொண்டது. அவள் குனிந்து தூக்கி, மேடை மேல் உட்காரவைத்தாள். பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து, ஒன்றில் குழாய்த் தண்ணீரையும் மற்றதில் டிரம் தண்ணீரையும் பிடித்தாள்.

"இரு, கண்ணாலயே காட்டறேன்."

"இருங்க, இருங்க. அண்ணனுக்குக் காட்டணும்" என்று நாத்தனார் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

இரண்டிலும் மருந்தைச் சொட்டினாள். குழாய்த் தண்ணீர் நல்ல இளஞ்சிவப்பாக மாறியது. டிரம் தண்ணீர் அப்படியே நின்றது.

"பாரு. குழாய்த் தண்ணி உடனே கலர் மாறுது, பார்த்தியா? லாரித் தண்ணியில ஒண்ணுமே ஆகல. இப்ப நீயே சொல்லு, எது நல்லது?"

இளஞ்சிவப்பைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு சீராகும். எத்தனையோ வெள்ளம், குழாய் உடைப்பு என்று ஓடிய நாட்களில் அந்த நிறத்துக்காக எங்கெங்கோ முழங்கால் மடக்கிக் காத்திருந்திருக்கிறாள். தண்ணீர் நிறம் மாறினால் பயப்படுவதுதான் உலகத்தின் வழக்கம் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"லாரித் தண்ணிதான். இதுல என்ன கேள்வி?" என்றபடி நாத்தனார் கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

"ஐயோ, தலைகீழாச் சொல்றே. கலர் மாறினாத்தான் குளோரின் இருக்குன்னு அர்த்தம். அது இருந்தாத்தான் கிருமி தலைகாட்டாது. இந்த டிரம்ல அது துளிகூட இல்ல."

"அப்ப இத்தனை நாளா நாங்க மருந்தையா குடிச்சிட்டிருந்தோம்?"

அவள் கிருமி நீக்கிய புட்டி ஒன்றில் டிரம் தண்ணீரை நிரப்பி மூடினாள்.

"ஆய்வகத்துல வெச்சுப் பார்த்துட்டு நாளைக்குச் சாயந்திரம் சொல்றேன். அதுவரைக்கும் குட்டிக்கு இதைக் கொடுக்காதே. கொடுத்தாலும் கொதிக்க வெச்சுக் கொடு."

"கொதிக்க வெச்சா சத்தெல்லாம் போயிடும்னு போட்டிருக்கான். அதோட, நெட்ல கேட்டா உடனே தெரியுது. உங்களுக்கு ஒரு நாள் வேணுமா?"

"கிருமி வளரணுமே. அதுக்கு நெட் கிடையாது."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். கிளம்புவதற்கு முன் ஒரு பாத்திரம் குழாய்த் தண்ணீரைத் தானே கொதிக்கவைத்து, மூடி, "இது குட்டிக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் தண்ணீரில் அன்று பாத்திரம் கழுவினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. புட்டியிலிருந்த டிரம் தண்ணீரை அன்றிரவே ஆய்வகத்தில் ஒரு தட்டில் இட்டு, கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவள் குரல் கேட்டது. 'குழாய்த் தண்ணி உடனே கலர் மாறுது, பார்த்தியா? லாரித் தண்ணியில ஒண்ணுமே ஆகல. இப்ப நீயே சொல்லு, எது நல்லது?' அத்தோடு முடிந்தது. மேலே, 'குடிநீர் வாரிய அதிகாரியே உடைத்த உண்மை' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. அவர் திரும்பத் திரும்ப அதையே போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இறங்கியதும் நாத்தனாரை அழைத்தாள்.

"அண்ணனுக்கும் நம்ம குடும்ப குரூப்புக்கும்தான் அண்ணி போட்டேன். சத்தியமா. அங்கேர்ந்து யாரோ வெளியில விட்டுட்டாங்க. நான் அப்பவே அழிச்சுட்டேன்."

"பரவாயில்ல, விடு. குட்டிக்கு என்ன தண்ணி கொடுக்கறே?"

"எல்லாரும் உங்களைத்தான் பாராட்டறாங்க. தைரியமான பொம்பளைன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"நான் கேட்டது குட்டியைப் பத்தி."

"நீங்க வெச்ச டெஸ்ட்லயே பாஸான தண்ணிதானே அண்ணி" என்றாள் நாத்தனார். கிண்டல் இல்லை. நிஜமாகவே நம்பினாள்.

அலுவலகத்தில் பொறியாளர் இம்முறை பாட்டிலை மறைக்கவில்லை. விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை தந்தார். "எனக்கு உண்மை தெரியும் மேடம். ஆனா மேலிடமும் நெட்லதான் பார்த்திருக்கு" என்றார். அவள் வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். இளஞ்சிவப்பு நிறம் எதைக் காட்டுகிறது என்று நிதானமாகப் பேசி ஒரு வீடியோ எடுக்கலாமா என்று யோசித்தாள். அதையும் யாராவது பாதியில் வெட்டுவார்கள் என்று தோன்றியது. எடுத்தாள். போட்டாள். முதலில் வந்த கருத்து, 'எவ்வளவு கொடுத்தாங்க?'

மாலையில் இன்குபேட்டரைத் திறந்தாள். டிரம் தண்ணீர்த் தட்டில் மலக்கிருமிகள் புள்ளி புள்ளியாகக் கொழித்திருந்தன. எண்ணுவதற்கு உட்காரவில்லை. உடனே அழைத்தாள்.

எடுத்தது நாத்தனார் இல்லை, அவளுடைய கணவன். "நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம். குட்டிக்கு மத்தியானத்துலேர்ந்து வாந்தி, வயித்தால போகுது. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

குழந்தைகள் பிரிவில் கட்டில் கிடைக்காதவர்கள் நடைபாதையில் இருந்தார்கள். பெரும்பாலும் கிழக்குப் பகுதிக்காரர்கள். குட்டிக்குக் கட்டில் கிடைத்திருந்தது. கையில் ஊசி குத்தி, நழுவாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். உதடு வறண்டு, கண் உள்ளே போயிருந்தது. நாத்தனார் கட்டிலோரம் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"குழந்தைக்கு நீர் வத்திப் போனா எத்தனை மணி நேரத்துல ஆபத்துன்னு பார்க்கறேன் அண்ணி. ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் வேற சொல்றான்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சரியாச் சொல்லல. டிரிப்ஸ் ஏறிட்டிருக்கு, பார்ப்போம்னாங்க."

"டிரம் தண்ணியில மலக்கிருமி இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லணும்."

நாத்தனார் நிமிர்ந்தாள். முகத்தில் அழுது அழுது வீக்கம். "டிரம்மா? அதான் கலரே மாறலியே. இவ நேத்துப் பல் தேய்க்கும்போது குழாய்த் தண்ணியைக் குடிச்சிருப்பா. நான்தான் கவனிக்காம விட்டேன்."

அவளிடம் பதில் இருந்தது. இருபது வருடப் பதில். குழந்தை கண்ணைத் திறந்து, "அத்தை" என்றது. அவள் பதிலை விட்டுவிட்டு, பணிமருத்துவரைத் தேடிப் போய் சோதனை முடிவைச் சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொண்டார். வேறு மருந்து ஒன்றைத் தொடங்கினார்கள். நாத்தனார் அந்த மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடினாள்.

குழந்தை அந்த வாரக் கடைசியில் வீடு திரும்பியது. லாரி உரிமையாளரின் அனுமதி ரத்து செய்யப்பட்டது. தலைமை வேதியியலாளர் மீட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். அந்த மாதம் கிழக்குப் பகுதியில் குடிநீர்க் குழாய்களின் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. நாத்தனார் வீட்டில் இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறார்கள்.