எல்லாருக்கும் தெரிந்த கலவை

கரையான் மருந்தைக் கண்டுபிடித்தபோதுகூட அவள் இவ்வளவு களைக்கவில்லை. அதை விளக்கி விளக்கித்தான் ஓய்ந்துபோனாள். காப்புரிமை விசாரணைக்கு ஒத்திகையாக, பாத்திரம் கழுவிக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு மருந்து கரையானை விரட்டும். இன்னொண்ணு மெதுவா கொல்லும். விரட்டுறதைத் துளியூண்டு சேர்த்தா அது ஓடாது, உடம்பு அரிக்கும். அரிச்சா ஒண்ணையொண்ணு நக்கிச் சுத்தம் பண்ணும். நக்க நக்க விஷம் புற்று முழுக்கப் பரவும்."

"அவ்வளவுதானா? இது எனக்கே தோணியிருக்குமே!"

அவள் குழாயை மூடினாள். அவள் காப்புரிமையை எதிர்த்து மனு போட்ட பெரிய கம்பெனியின் வாதமும் அதேதான்: இரண்டும் கடையில் கிடைக்கிற சரக்கு, கலப்பது யாருக்கும் தோன்றும், இதற்கெதற்குக் காப்புரிமை? காப்புரிமை போய்விட்டால் அந்தக் கம்பெனி அதே கலவையை டின்னில் அடைத்து விற்கும். அவளும் அக்காவும் நடத்தும் ஆய்வகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நான் வாயைத் திறந்தா தோத்துடுவோம் மேடம்" என்றாள் வக்கீலிடம். "கேட்டவுடனே புரிஞ்சுடுது."

"அப்ப புரியாத மாதிரி சொல்லேன்மா."

"அது எனக்கு வராதே. அவங்க பக்கம் சாட்சி சொல்ல வர்ற பேராசிரியருக்கும் வராது. கரையானை விடுங்க, அவர்கிட்ட எறும்பைப் பத்திக் கேளுங்க."

விசாரணை அன்று, எதிர்த்தரப்பு நிபுணரான அந்தப் பேராசிரியர் காலை முழுக்க, இது மாணவனுக்கும் தோன்றும் என்று அடித்துச் சொன்னார். காப்புரிமை அதிகாரி தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் அவள் இன்னும் கொஞ்சம் நாற்காலியில் சரிந்தாள்.

மதியம் அவள் வக்கீல் எழுந்தார். "சார், வீட்ல ஒரே எறும்பு. மெதுவா கொல்ற மருந்தோட, விரட்டுற மருந்தையும் கொஞ்சம் கலந்து வைக்கலாமா?"

"ஐயையோ, கலந்துடாதீங்கம்மா!" பேராசிரியருக்கு வகுப்பறை ஞாபகமே வந்துவிட்டது. "மோப்பம் பட்டதுமே ஓடிடும். அப்புறம் விஷத்தை யாரு தின்னுவா, நீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார்.

"எறும்பு விஷயத்துல உங்களுக்கே தோணாதது, கரையான் விஷயத்துல மட்டும் மாணவனுக்கு எப்படி சார் தோணும்?" என்றார் அவள் வக்கீல்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாலையில் எதிர்ப்பு தள்ளுபடியாகி, காப்புரிமை நிலைத்தது. வக்கீல் அவள் முதுகில் தட்டினார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் அவள் பையை மூடினாள்.

மாடிப்படியில் பேராசிரியர் காத்திருந்தார். கோபமில்லை. விடை தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாத முகம்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அளவைக் குறைச்சா எறும்பும் ஓடாதா? அதுவும் நக்குமா?"

போன மாதமே சோதித்துப் பார்த்திருந்தாள். அதற்குக் காப்புரிமை கேட்டு இன்னும் விண்ணப்பிக்கவில்லை; அதற்குள் வெளியே சொன்னால் கிடைக்காது. எந்த அளவில் ஓடாது, எப்போது நக்கத் தொடங்கும், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"தெரியல சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இத்தனை நாள் பேசியதில் இந்த இரண்டு வார்த்தைதான் அவளை அதிகம் களைக்க வைத்தது.