பாவுக்கு ஒரு கூரை

நகராட்சித் தேர்தலில் எட்டாவது வார்டில் ரேணுகாதேவி ஜெயிப்பாள் என்று அவள் புருஷன் பலராமனே நம்பவில்லை. அதை அவன் மறைக்கவும் இல்லை.

"டெபாசிட் போச்சுன்னா அழக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

அழுகிற ஆளா அவள்? போன மழைக்காலத்தில் பட்டுப் பாவு நனைந்து பாழானபோது அழுததுதான். ஆரணியில் நெசவாளிக்குத் தெருவே பட்டறை. விடிந்ததும் பாவின் நீள நூல்களைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்தால்தான் பாவு தறிக்கு ஏறும். அடுத்த மழைக்குள் தெருவுக்கு ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத் தெருப் பெண்கள் கூரை இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, இரண்டு பெரிய கட்சிகளிடமும் நடையாய் நடந்தார்கள். இரண்டு இடத்திலும் டீ கிடைத்தது. கூரை கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பில்தான் ரேணுகாதேவி சுயேச்சையாக அலமாரிச் சின்னத்தில் நின்றாள்.

"கூலிய ஒசத்தச் சொல்லி மொத மொத சங்கம் கட்டினது எங்கப்பா," என்றான் பலராமன். "அடுத்த எலெக்சன்ல ரெண்டு கட்சியும் அதை அவங்க தாத்தா சொத்து மாதிரி பேசிகினு வந்தாங்க. உனக்கும் அதான் நடக்கும்."

"நடந்தா நடக்கட்டும்."

தேர்தலுக்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் ரேணுகாதேவியின் பாவு நீண்டிருந்தது. ஒரு முனையில் அருணகிரியின் ஊர்வலம் மேளத்தோடு வந்து நின்றது. மறு முனையில் டேவிட்ராஜின் ஊர்வலம். இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் அவர்கள். நீட்டிய பாவை இந்த ஊரில் எவனும் தாண்டமாட்டான், மந்திரியே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். இருவரும் கைகூப்பியபடி காத்திருந்தார்கள்.

அப்போது பார்த்தா மழை தூற வேண்டும்? ரேணுகாதேவி இரண்டு ஊர்வலத்தையும் பார்த்துக் கத்தினாள்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? பேனரைப் புடிங்க, ஜல்தி!"

யார் யாருக்கு எதிரி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. நெசவாளி வீட்டுப் பிள்ளைகள்தானே இரண்டு பக்கமும்! அருணகிரியின் சிரித்த முகமும் டேவிட்ராஜின் கூப்பிய கையும் அடுத்தடுத்துப் பாவின் மேல் விரிந்தன. கீழே ஓர் இழைகூட நனையவில்லை. வேட்பாளர்கள் இருவரும்தான் தொப்பலாக நனைந்தார்கள். தெருவே சிரித்தது.

மதியத்துக்குள் இரண்டு கட்சி ஆட்டோவும் ஒரே வாக்குறுதியைக் கத்திக்கொண்டு போயின: நெசவாளர் தெருவுக்குக் கூரை.

"நம்மளதைத் திருடிட்டாங்கக்கா," என்று பொருமினாள் பக்கத்து வீட்டு ஜெயம்.

ரேணுகாதேவிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: "எடுத்துகினு போவட்டும். ரெண்டு பேரும் வாய உட்டுட்டாங்க. இனிமே ஒருத்தர் போடலன்னா இன்னொருத்தர் உடமாட்டார்."

தேர்தலில் அருணகிரி ஜெயித்தார். ரேணுகாதேவிக்கு டெபாசிட் போயிற்று. அவள் அழவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் கூரை வந்துவிட்டது. திறப்பு விழாவில் அருணகிரி அது தன் கூரை என்றார். தான் கேட்டதால்தான் வந்தது என்று டேவிட்ராஜ் இன்னொரு மூலையில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் மழை பிடித்துக்கொண்டு தகரத்தில் கொட்ட, கீழே ஜெயத்தின் பாவு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ரேணுகாதேவி அழுதாள். பலராமன் தன் துண்டை நீட்டினான்.

அருணகிரி மெல்ல அவள் பக்கம் வந்தார்.

"அக்கா, அடுத்து இன்னா கேக்கப் போறீங்க? டேவிட்ராஜுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லிடுங்க."

ரேணுகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரையும் கூப்புடுங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்."