வெறும் ஃப்ளாஷ்

இருபது வருடம் கழித்து மறுபடியும் கேமரா வாங்கினேன். இந்த முறை டிஜிட்டல். கடைக்காரர் அதன் பெருமைகளை அரை மணி நேரம் சொன்னார். கண் எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்குமாம். வெளிச்சத்தை அதுவே அளக்குமாம். கை நடுங்கினாலும் அதுவே சமாளிக்குமாம். அப்படியென்றால் நான் எதற்கு என்று கேட்டேன். பேட்டரி சார்ஜ் பண்ண ஓர் ஆள் வேண்டுமே என்றார்.

ஒரு காலத்தில் எங்கள் ஊர் பாகான் டாலாமில் கல்யாணம் என்றால் படம் எடுக்க இந்தக் குணாளன்தான். ஃபிலிம் சுருள் ஒன்றுக்கு முப்பத்தாறு படம், கல்யாணத்துக்கு மூன்று சுருள். வருகிற சொந்தமோ ஐந்நூறு பேர். ஒருவர் விடாமல் மணமக்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். அதற்கும் வழி வைத்திருந்தோம். ஃப்ளாஷின் முதுகில், அது எரிகிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பொத்தான் உண்டு. முக்கியமில்லாத முகங்கள் மேடை ஏறினால், ஷட்டரைத் தொடாமல் கட்டை விரலால் அந்தப் பொத்தானை அழுத்துவேன். பளிச்! அவர்களுக்குத் திருப்தி, எனக்கு ஃபிலிம் மிச்சம். மேளச் சத்தத்தில் ஷட்டர் சத்தத்தை யார் தேடப் போகிறார்கள்? யார் முக்கியம், யார் இல்லை என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடும் ஞானம் எனக்கு இருந்தது.

அந்த ஞானத்தோடுதான் தொண்ணூற்றாறில் சந்திரிகாவின் கல்யாணத்துக்குப் போனேன். தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பெண். மாமன்தான் தாரை வார்த்துக் கொடுத்தார். வரிசையின் கடைசியில் துறைமுக வேலைச் சட்டையோடு ஒருவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். மூன்றாவது சுருளில் நான்கு படம்தான் பாக்கி. கட்டை விரல் தன் வேலையைச் செய்தது. "தம்பி, கண்ணு மூடிட்டேன்னு நெனைக்கிறேன். இன்னொன்னு எடுங்க" என்றார். தாராளமாக இன்னொன்றும் அடித்துவிட்டேன்.

அவர் அவளுடைய அப்பா முனுசாமி என்று பிறகுதான் தெரிந்தது. குடும்பத்தோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய், பத்து வருடம் கழித்து அன்றைக்குத்தான் மகளைப் பார்க்க வந்திருந்தார். எட்டு மாதத்தில் இறந்தும் போனார். அப்பாவோடு நின்ற படம் வேண்டும் என்று சந்திரிகா வந்து நின்றபோது, அந்த நெகட்டிவில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். நம்பினாள். அதற்குப் பிறகும் என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு "அண்ணே" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே நான் பல தடவை சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறியிருக்கிறேன்.

ஃபிலிம் காலம் முடிந்ததும் கேமராவை விற்றுவிட்டு, சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் திருகாணிகளைச் சோதித்தேன். நல்ல வாடிக்கையாளர்கள். கண்ணை மூடுவதில்லை, இன்னொன்று எடுக்கச் சொல்வதும் இல்லை. ஓய்வு பெற்று டிஜிட்டல் வாங்கிய மறுவாரமே சந்திரிகா பத்திரிகையோடு வந்தாள். மகள் காமினிக்குக் கல்யாணம், கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில்.

"நீங்கதாண்ணே எடுக்கணும். வேற யாரும் வேணாம் லா."

சரி என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். இந்தக் கல்யாணத்தில் ஒரு முகம்கூட விடக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். ஐயாயிரம் படம் பிடிக்கும் மெமரி கார்டு இருக்கும்போது சத்தியம் செய்வதில் என்ன சிரமம்?

ஃபெர்ரியில் போய் இறங்கியதிலிருந்து எடுத்துத் தள்ளினேன். தாலி கட்டியதை மட்டும் நாற்பது படம். வாழைமரத்தைக்கூட விடவில்லை. ஒரே தொல்லை அந்தத் திரை. அந்தக் காலத்தில் ஆல்பம் வரும்வரை நான் சொன்னதுதான் சட்டம். இப்போதோ எடுத்த மறுநொடியே எட்டிப் பார்க்கிறார்கள். "அங்கிள், கை குண்டா தெரியுது, டிலீட் பண்ணுங்க" என்றது மணப்பெண்ணின் தோழி. அந்தக் கையை நானா வளர்த்தேன்?

இரண்டு மணி நேரம் வரிசை நகர்ந்தது. முதுகு விண்விண்ணென்று வலித்தது. கடைசியாக மாப்பிள்ளையின் முதலாளி குடும்பம், பட்டும் வைரமுமாக ஏறி இறங்கியது. அப்புறம் பந்திக் கூடத்திலிருந்து சந்திரிகா ஓடி வந்தாள். பட்டுச்சேலையை எப்போதோ மாற்றிவிட்டிருந்தாள். ஈரக் கை, தோளில் துண்டு, சேலையில் சாம்பார்.

"மாப்பிள்ள கொஞ்சம் தள்ளிக்குங்க. அண்ணே, நானும் காமினியும் மட்டும். காலைலேருந்து நாங்க ரெண்டு பேரும் தனியா நிக்கவே இல்ல."

மகளின் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பளிச்!

மேடையை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "காட்டுங்கண்ணே."

திரையில் முதலாளி குடும்பம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"ஃப்ளாஷ் அடிச்சுச்சே?"

அப்போதுதான் கையைப் பார்த்தேன். புது ஃப்ளாஷின் முதுகிலும் அதே பொத்தான்; கட்டை விரல் அதன் மேல் இருந்தது. இருபது வருடம் சும்மா கிடந்த விரல், சேலையில் சாம்பாரைப் பார்த்ததும் பழைய ஞானத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. கார்டு கோளாறு என்று சொல்லலாம். பூஞ்சை போலவே அதுவும் எடுபடும். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. பொத்தானைக் காட்டினேன். அவள் ஈர விரலால் அதை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். பளிச் என்றது. திரையில் முதலாளி குடும்பம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.



"அப்பாவுக்கும் இதானா அண்ணே?"

"ஆமாம்மா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்ப மேடை ஏறி மகள் பக்கத்தில் நின்றாள். ஷட்டரை அழுத்தினேன். இறங்கி வந்து திரையைப் பார்த்தாள். படம் கூர்மையாக விழுந்திருந்தது. கடைக்காரர் சொன்னபடியே கேமரா கண்ணைக் கண்டுபிடித்திருந்தது. படத்தில் காமினி சிரித்தாள். சந்திரிகா சிரிக்கவில்லை.

"இன்னொன்னு எடுத்துடட்டுமா?" என்றேன்.

"இன்னொன்னு கேட்டது எங்கப்பா. நான் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனாள்.

கார்டில் இன்னும் மூவாயிரம் படத்துக்கு இடம் இருந்தது.