மைக்கில் வந்த மரியாதை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குத் தன் உடம்பின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. ஐம்பதைத் தாண்டியும் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களோடு நாள் முழுக்க மாரடித்தும் வெடிக்காத நெஞ்சுக்கு இனிமேல் என்ன வந்துவிடப் போகிறது என்பது அவர் கட்சி. தினம் ஊதித் தள்ளும் சிகரெட்டை மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார்.

அவர் மனைவிக்கு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைத் தலை முதல் கால் வரை படம் பிடித்து, ரத்தக் குழாய்களில் அடைப்பு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று அங்கே நடந்தது. ஆராய்ச்சிக்கு ஆரோக்கியசாலிகள் தேவைப்பட்டார்கள். "எங்க வீட்டுலயே ஒருத்தர் மார்தட்டிக்கிட்டுத் திரியறாரு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"ஓடற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் பாக்கணும்?" என்றார் மாஸ்டர்.

"யாரு பிரிக்கறா? வந்து படுங்க, படம் எடுத்ததும் எந்திரிச்சுப் போங்க."

போய்ப் படுத்தார். கையில் மருந்து ஏற ஊசி, காதில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் மைக்கில் பேசினாள்.

"மூச்ச இழுங்க. அப்படியே நிறுத்துங்க. நிறுத்தச் சொன்னா வயித்த ஆட்டிக்கிட்டு கெடக்கறீங்க? எல்.கே.ஜி. புள்ளைங்க தேவல."

மாஸ்டருக்கு உள்ளே ஒரே சிரிப்பு. அவளுக்குப் பிரியம் வந்தால் திட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு செழிப்பாக வளர்ந்த ஆள் அவர். மெஷின் தடதடவென்று அடித்து ஓய்ந்தது. அடுத்த திட்டுக்குக் காத்திருந்தார். மைக்கில் அவள் குரல் மெதுவாக வந்தது.

"இன்னும் ஒரு படம்தாங்க. ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறீங்க. நன்றி."

மாஸ்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் இந்த ஜென்மத்தில் அவருக்கு நன்றி சொன்னதில்லை. 'படத்துல ஏதாவது தெரிஞ்சுட்டா என் குரல் தன்னால மெதுவாயிடுது' என்று ஒருநாள் சாப்பிடும்போது அவளே சொல்லியிருக்கிறாள். படம் எடுப்பவர் அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி.

வெளியே வந்ததும் அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன தெரிஞ்சுது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உடைந்துவிடுவாள். மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தன் வியாதியை இவள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டு நிற்கிறாளே என்பதுதான் அதைவிட அதிகமாக வலித்தது. இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பரைப் போடும் ஒரு மாணவரின் கதையை எடுத்துவிட்டார். அவள் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கழுத்துல இடது பக்கம், மூளைக்குப் போற குழாய்ல கொழுப்பு படிஞ்சு பாதி சுருங்கியிருக்கு. இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்ல. மாத்திரை சாப்பிடணும், சிகரெட்ட இன்னையோட விடணும். தெரியாமலே விட்டிருந்தா ஒருநாள் கை கால் விழுந்திருக்கலாம். நல்ல நேரத்துல வந்தீங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து மேஜைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

"டாக்டர், இத அவளக் கூப்பிட்டு இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

"படம் எடுத்ததே அவங்கதானே? அவங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். ஆனா நீங்க சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதில்லையா? பாவம், அழக்கூட வழியில்லாம நிக்கிறா டாக்டர்."

டாக்டர் தானே எழுந்து போய்க் கதவைத் திறந்து கூப்பிட்டார். அவள் யூனிஃபார்மைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. மாஸ்டரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.