சித்தப்பா வீட்டைச் சுற்றிப் போகும் வழி

1

அப்பா ஒருநாள் நடைப்பயிற்சி முடிந்து மூச்சு வாங்க வாங்க வாசற்படியில் உட்கார்ந்தார். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. ஆனால் அப்பாவைக் கதையில் போட்டால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. அதனால் இதில் வருபவர் ஒரு தச்சர். அப்பாவும் தச்சர்தான். அது தற்செயல்.

தொடக்கம், முதல் முயற்சி: "தச்சரின் இதயம் ஓர் ஆலயத்தைப் போல—"

வேண்டாம். இதயம் இதயமாகவே இருக்கட்டும். டாக்டரும் அதை அப்படித்தான் பார்த்தார்.

2

"அடைப்பு ஆரம்பிச்சிருக்கு. மாத்திரை போடுங்க, தினமும் நடங்க. ஆனா மேடு ஏறாதீங்க. கோபமும் ஆகாது" என்றார் டாக்டர்.

வீட்டிலிருந்து சமமாகப் போவது ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் தம்பி வீடு. தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லை. ஆகவே தச்சர் தினமும் மாத்திரை போட்டு, முழங்காலிட்டு ஜெபித்து, நேரே மேட்டுத் தெருவில் ஏறினார்.

(இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம்.)

3

சண்டைக்குக் காரணம் ஒரு பாட்டு. சபையில் தச்சர் பாடுவார், தம்பி கீபோர்டு வாசிப்பார். ஒரு ஞாயிறன்று, எத்தனையோ தடவை பாடிய அதே பாட்டில், உச்ச வரியில் தச்சரின் குரல் நூல் மாதிரி அறுந்தது.

"வேணும்னே சுருதியை ஏத்திட்டான்!"

அன்றிலிருந்து, ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், தச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தம்பி நீட்டிய கை அப்படியே கீபோர்டுக்குத் திரும்பிப் போகும்.

போதகர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் மெல்லச் சொன்னார்: "பிரதர், இருதயத்தைக் காத்துக்கணும்."

"மாத்திரை தவறாமப் போடறேன், ஐயா."

"நான் அந்த இருதயத்தைச் சொல்லலை."

"எனக்கு இருக்கிறது ஒண்ணுதானே ஐயா?"

(போதகருக்கு இதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை அடித்துவிட்டேன். தச்சர் தெரியாமல் சரியாகச் சொல்லிவிட்டார்.)

4

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: "மூச்சு முட்டுறது எப்ப ஆரம்பிச்சது?"

"மேடு ஏறும்போதுதான்" என்று உளறிவிட்டு, தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அதுக்கும் முன்னாடியே, டாக்டர்" என்றாள் அம்மா. (தச்சரின் மனைவி என்று மாற்ற வேண்டும்.) "சபையில பாட்டு நடுவுல நின்னுட்டாரு. நெஞ்சைத் தடவிக்கிட்டே உட்கார்ந்தாரு."

"அதுதான் முதல் அறிகுறி. அப்பவே வந்திருக்கணும்."

"அது சுருதி, டாக்டர்."

"சுருதி எனக்குத் தெரியாது. உங்க ரத்தக்குழாய் தெரியும்."

திரும்பும் வழியெல்லாம் தச்சர் அந்தப் பாட்டையே முணுமுணுத்துப் பார்த்தார். வீட்டு வாசலில்தான் கேட்டார்: "அப்போ அவன் ஏத்தலையா?"

"உங்க தம்பிக்கு எந்தப் பாட்டையும் ஒரே சுருதியிலதான் வாசிக்கத் தெரியும். காலமெல்லாம் அதைச் சொல்லிக் கேலி பண்ணினதே நீங்கதானே!"

5

முடிவு, ஒன்று: தச்சர் ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (நம்ப முடியாது. அவர் தூக்கிய மரச்சட்டத்தைத் தவிர எதையும் கட்டிப்பிடித்ததில்லை. ஓடவும் கூடாது.)

முடிவு, இரண்டு: மறுநாளும் மேட்டுத் தெருவில் ஏறிய தச்சர், பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு—

இல்லை. இந்த வாக்கியம் பாதியில் நிற்கட்டும். அவர் நிற்க வேண்டாம்.

முடிவு, மூன்று: இன்று காலை தச்சர் சமதெருவில் திரும்பினார். பின்னால் மகள் போனாள். (கதைக்கு அவள் தேவையில்லை. தனியாக அனுப்பாதீர்கள் என்று டாக்டர் சொன்னார்.) தம்பி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?"

"டாக்டர் சொன்னாரு."

"கோபப்படக் கூடாதுன்னா?"

"மேடு ஏறக் கூடாதுன்னு."

செடித்தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை பாடுங்கண்ணே."

"மூச்சு பத்தாதுடா."

"சுருதியை இறக்கிடறேன்."

"உனக்கு அது வராதே?"

"கத்துக்கிட்டிருக்கேன்" என்றார் தம்பி, செடியைப் பார்த்தபடி. "நீங்க பாட்டு நடுவுல உட்கார்ந்த அன்னியிலிருந்து."

6

ஞாயிறு இன்னும் வரவில்லை. அப்பா இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கைகொடுக்கும் நேரத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னால் முடிந்த ஒரே உதவியைச் செய்துவிட்டேன். கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன்.