முதல் கதவோரத்து மூன்று இருக்கை

மிசுஹோவுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு கரு கலைந்துபோயின. "ரொம்ப நேரம் நிற்கவே கூடாது" என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனாலென்ன, காலை விரைவு ரயிலில் முதல் கதவோரம் கர்ப்பிணிகளுக்கென்று மூன்று இருக்கை இருக்கிறதே என்று கணவர் தெட்சுரோவும் அவளும் மருத்துவமனைக்குக் கிளம்பி வந்தார்கள்.

வந்தது புதுப்பித்த ரயில். முப்பது வருடம் ஓடிய பெட்டிகளுக்குப் புது மோட்டார், புது விளக்கு, புது உட்புறம். உட்புறத்தை வடிவமைத்தவரே தெட்சுரோதான். இன்று இந்த நேரத்துக்கு அதை விடுவார்கள் என்று அவருக்கே தெரியாது. பின்வாங்குவதற்குள் கூட்டம் இருவரையும் உள்ளே தள்ளிவிட்டது, கதவும் மூடிக்கொண்டது.

"உக்கார எடம் எங்கங்க?"

"எடுத்தாச்சு."

"எந்தப் புண்ணியவான் எடுத்தான்?"

"நான்தான். கொழந்தை தள்ளுவண்டி, சக்கர நாற்காலி நிக்கட்டும்னு. கூட பத்துப் பேரும் நிக்கலாம்."

"பதினொண்ணாவது ஆளா என்னையும் எழுதிக்கோங்க," என்று சிரித்தாள்.

பெட்டியின் மறுமுனையில் கர்ப்பிணிகளுக்கென்று மூன்று இருக்கையை அவர் மிச்சம் வைத்திருந்தார். நடுவில் சுவர் மாதிரி கூட்டம். தன் விரலே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் முறையிடுவது?

வயிற்றில் குழந்தை இருப்பதைச் சொல்லும் இளஞ்சிவப்பு வில்லை அவள் பையில் உட்பக்கம் திரும்பித் தொங்கியது. அவர் வெளியே திருப்பினார். அவள் மறுபடி உள்ளே திருப்பினாள்.

"பாக்கறவங்களுக்குச் சங்கடம்."

எட்டு நிலையங்களைத் தாண்டித்தான் ரயில் நிற்கும். மூன்றாவதைக் கடக்கும்போது அவள் உதடு வெளுத்தது.

"வயிறு கல்லு மாதிரி இறுகுது."

"நான் கேக்கறேன்."

"வேணாங்க. பாவம், எல்லாரும் தூங்கறாங்க."

இருநூறு பேர் இருந்தும் பெட்டியில் ஒரு குரல் இல்லை. ஆயுசில் ஒருநாளும் ரயிலில் சத்தமாகப் பேசாத மனிதர் அவர். "மன்னிக்கணும்," என்றார். முணுமுணுப்பாகத்தான் வந்தது. எதிர் இருக்கையில் இருந்தவருக்குக் கேட்டிருக்கலாம். அவரோ கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டார். பாழாய்ப்போன மரியாதை.

மிசுஹோ கம்பியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் பணிவாகத் தங்கள் காலை அரையடி நகர்த்திக்கொண்டார்கள். அவளைக் குனிந்து பார்க்க யாரும் துணியவில்லை. தெட்சுரோ மண்டியிட்டார்.

"அசையுதான்னு பாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியல," என்று அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள்.

வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரயிலின் ஆட்டம் எது, குழந்தையின் அசைவு எது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.